யூவன் மெக்ரெகரைக் காதால் பார்ப்பது எப்படி

ஹெராயின் அடிமை, ஜெடாய் வீரர், பாரிஸ் நகரத்து ஏழை எழுத்தாளன், ஆழிப்பேரலையில் மனைவியையும் மகனையும் தொலைத்துவிட்டுத் தேடும் தகப்பன், ஏசு, அதே படத்தில் சாத்தான். இத்தனை வேடமும் ஸ்காட்லாந்தின் கிரீஃப் என்ற சிற்றூரில் வளர்ந்த ஒரே ஆளுடையவை. யூவன் மெக்ரெகர் 1971 மார்ச் 31 அன்று பெர்த் நகரில் பிறந்தார். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு பெர்த் நாடக அரங்கில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பிறகு லண்டன் கில்ட்ஹால் பள்ளியில் நடிப்புப் படித்தார்.

அவருடைய படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் பலர் நான்கைந்து படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "எல்லாப் படத்திலும் ஒரே முகம், ஒரே சிரிப்பு" என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. முகத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஒப்பனையில் ஒளிந்துகொள்ளும் நடிகர் அல்ல அவர். உடல் எடை, மூக்கு, தாடை ஆகியவற்றை மாற்றி வித்தை காட்டிய வேடங்கள் மிகக் குறைவு. அவர் மாற்றுவது குரலை: எந்த ஊர், எந்த வர்க்கம், எவ்வளவு மூச்சு, வாக்கியம் எங்கே இறங்குகிறது என்பதை. அதைக் காதில் வாங்கத் தெரிந்துவிட்டால் ஒரே முகத்துக்குள் பத்துப் பன்னிரண்டு மனிதர்கள் தென்படுவார்கள்.

கீழே சொல்லியிருப்பது 13 படங்களுக்கான திட்டம். மொத்தம் ஏறத்தாழ 25 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு படம் என்றால் ஏழு வாரத்தில் முடியும். வெளியான வரிசையில் பார்க்க வேண்டாம், ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஒரு குரலை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கேட்கும்.

தொடங்கும் முன்

முதல் விதி, மூல ஆங்கில ஒலியிலேயே பாருங்கள். பெரிய ஆங்கிலப் படங்கள் சிலவற்றுக்குத் தமிழ் டப்பிங் கிடைக்கிறது. கதை தெரிந்துகொள்ள அது போதும். டப்பிங் கலைஞர்களின் திறமையிலும் குறை இல்லை. ஆனால் நாம் தேடிப் போகும் பொருள் அந்த நடிகரின் தொண்டையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொருவர் தொண்டையை வைத்துவிட்டால் மிஞ்சுவது உதட்டசைவு மட்டும்.

சப்டைட்டில் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தமிழில் வேண்டாம். தமிழ் சப்டைட்டில் பொருளைச் சுருக்கித் தரும், காதுக்கு வேலை இருக்காது. ஆங்கில சப்டைட்டிலில் 'சொல் இது' என்று கண் சொல்ல, 'அது இப்படியா ஒலிக்கிறது' என்று காது பிடித்துக்கொள்ளும். காது கேளாதோருக்கென்று தயாரிக்கப்படும் முழு சப்டைட்டில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் தானாக உண்டாக்கும் சப்டைட்டிலைத் தவிருங்கள். ஸ்காட்லாந்துப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை, பாதி வரிகள் தப்பும் தவறுமாக வரும்.

தொலைக்காட்சியில் 'குரல் தெளிவு', 'இரவு ஒலி' என்ற பெயர்களில் வரும் அமைப்புகளை அணைத்துவிடுங்கள். முணுமுணுப்பையும் கத்தலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. மெக்ரெகரின் நடிப்பில் பாதி அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. படத்தை வழுவழுப்பாக்கும் அசைவு அமைப்பையும் நிறுத்துங்கள். விலை உயர்ந்த ஒலிப்பெருக்கி தேவையில்லை, கம்பி வைத்த சாதாரண ஹெட்போன் போதும்.

டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் விற்ற, 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்த பழைய டிவிடிகளில் அது 25 சட்டங்களாக ஓடும். வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது, 127 நிமிடப் படம் 122 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. குரலின் சுருதியும் முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே போகும். கதைக்கு இதனால் கேடில்லை. இரண்டு படங்களின் குரலை ஒப்பிடும்போது மட்டும் ஏமாற்றும். எனவே ஒப்பிடும் ஜோடியை ஒரே வகை ஊடகத்தில் பாருங்கள்: இரண்டும் ப்ளூ-ரே, அல்லது இரண்டும் ஓடிடி.

காதைத் தீட்டும் அரை மணி நேரம்

இதற்குத் தமிழ்க் காது நல்ல காது. ரகரம், றகரம், ழகரம் என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஆங்கிலத்தின் ஊர் வழக்குகளைப் பிரிப்பது கடினமான காரியமல்ல.

'கார்', 'கேர்ள்', 'வேர்ல்ட்' என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பக்கத்துக்காரர் 'கா' என்று நீட்டி நிறுத்திவிடுவார், கடைசி ரகரம் விழுங்கப்படும். ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை விடமாட்டார். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தட்டும், கிட்டத்தட்ட நம் ரகரம் போலவே. 'கேர்ள்' அவர் வாயில் 'கெரல்' என்று இரண்டு அசையாக நெகிழும். அமெரிக்கர் நாக்கை எங்கும் தட்டாமல் உள்ளே சுருட்டுவார், ழகரத்துக்குப் பக்கத்து வீடு அது. மெக்ரெகரின் எந்தப் படத்திலும் முதல் ஐந்து நிமிடத்தில் இந்த ரகரத்தைக் கவனித்தாலே பாத்திரம் எந்த ஊர் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு அடையாளங்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'குட்', 'ஃபுட்' (உணவு) இரண்டும் ஒரே உயிரொலியோடு வரும், தென் இங்கிலாந்தில் ஒன்று குறில், மற்றது நெடில். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 'லவ்' என்பது 'லுவ்' என்றும் 'கம்' என்பது 'கும்' என்றும் ஒலிக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஜோடி: ஒரே ஊர், இரண்டு வர்க்கம்

'ட்ரெயின்ஸ்பாட்டிங்' (1996), அடுத்து 'ஷாலோ கிரேவ்' (1994). வரிசை தலைகீழாக இருப்பது வேண்டுமென்றேதான். இரண்டுக்கும் இயக்குநர் டேனி பாயில், திரைக்கதை ஜான் ஹாட்ஜ், தயாரிப்பு ஆண்ட்ரூ மெக்டொனால்ட். இரண்டின் கதையும் எடின்பரோவில் நடக்கிறது, பெரும்பகுதி படமாக்கப்பட்டது கிளாஸ்கோவில். இவ்வளவு ஒன்றாக இருக்கும்போது மாறுவது எது என்று தனியாகத் தெரியும்.

'ட்ரெயின்ஸ்பாட்டிங்'கில் அவர் ரென்ட்டன், லீத் பகுதியின் ஹெராயின் அடிமை. இந்த வேடத்துக்காக ஏறத்தாழ 12 கிலோ குறைத்தார். பேச்சு அடர்த்தியானது. சில சொற்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் முதல் கால் மணி நேரத் திணறல் இருக்காது: 'ஐ' என்றால் ஆமாம், 'கென்' என்றால் தெரியும், 'வீ' என்றால் சின்ன, 'பெர்ன்' என்றால் குழந்தை, 'டிட்னே' என்றால் செய்யவில்லை, 'கேனே' என்றால் முடியாது. அமெரிக்காவில் வெளியிட்டபோது படத்தின் தொடக்கப் பகுதியில் சில வசனங்களை மறுபடி பேசிப் பதிந்தார்கள், அங்குள்ளவர்களுக்கே புரியாது என்று பயந்து. ஆகவே முதல் முறை உங்களுக்குப் பிடிபடாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரென்ட்டனுக்கு ஒரு குரல் அல்ல, மூன்று குரல். பின்னணியில் கதை சொல்லும் குரல் வேகமானது, தெளிவானது, எழுதி வைத்துப் படிப்பது போன்றது. நண்பர்களோடு பேசும் குரல் அதைவிடக் கலங்கலானது. நீதிமன்றத்தில் நிற்கும்போது திடீரென்று பணிவும் படிப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும் மூன்றாவது குரல். அதிகாரத்தின் முன்னால் ஒருவன் தன் பேச்சை எப்படி மடித்து வைத்துக்கொள்கிறான் என்பதை அந்தக் காட்சியை மட்டும் திரும்ப ஓட்டிக் கேளுங்கள். இந்த லீத் பேச்சும் அவருடைய வீட்டுப் பேச்சு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். கிரீஃப் வேறு மண், வேறு வர்க்கம். சொந்த நாட்டு வழக்கையே அவர் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

'ஷாலோ கிரேவ்' பார்க்கும்போது அது இன்னும் விளங்கும். அதில் அலெக்ஸ் என்ற பத்திரிகையாளர். நல்ல வேலை, பெரிய அடுக்குமாடி வீடு, எவரையும் மதிக்காத வாய். தொடக்கத்தில் வீட்டுக்குக் குடிவர விரும்புபவர்களை மூன்று நண்பர்கள் விசாரிக்கும் காட்சிகள் வருகின்றன. ரகரம் இங்கேயும் தட்டுகிறது, ஆனால் சொல் முடியும்வரை முழுதாக உச்சரிக்கப்படுகிறது. தான் சொல்வது கேட்கப்படும் என்று நம்புகிறவனின் பேச்சு அது. ரென்ட்டனுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இரண்டு படமும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றவை அல்ல. 'ட்ரெயின்ஸ்பாட்டிங்'கில் ஒரு கைக்குழந்தையின் மரணம் வருகிறது. மனம் தளர்ந்திருக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள்.

சுரங்க ஊரும் ராக் மேடையும்

'பிராஸ்ட் ஆஃப்' (1996) படத்தின் இயக்குநர் மார்க் ஹெர்மன். நிலக்கரிச் சுரங்கம் மூடப்படப் போகும் யார்க்‌ஷயர் ஊரில் ஒரு பித்தளை வாத்தியக் குழு. படத்தில் ஊர் பெயர் கிரிம்லி, உண்மையில் கிரைம்தோர்ப். வாத்திய இசையும் கிரைம்தோர்ப் சுரங்கத் தொழிலாளர் குழு வாசித்ததே. மெக்ரெகர் டெனர் ஹார்ன் வாசிக்கும் இளந்தொழிலாளி ஆண்டி. மேலே சொன்ன 'லுவ்', 'கும்' இங்கே உதவும். படத்தின் நாயகர் பீட் போஸ்ட்லெத்வெய்ட், மெக்ரெகர் அல்ல. இந்தப் படத்தைச் சேர்த்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: ஒரு கூட்டத்தில் ஒருவராக நின்று, யாரையும் முந்தாமல் நடிப்பது எப்படி என்று பார்க்கலாம்.

இதற்கு ஜோடி 'வெல்வெட் கோல்ட்மைன்' (1998), இயக்குநர் டாட் ஹெய்ன்ஸ். இகி பாப், லூ ரீட் போன்றோரின் சாயல் கொண்ட கர்ட் வைல்ட் என்ற அமெரிக்க ராக் பாடகர் வேடம். மேடையில் பாடுவது மெக்ரெகரே. தொண்டையைக் கிழித்துப் பாடுகிறார், சுருதி பிசகுவதைப் பற்றிக் கவலையே இல்லை. கதை முன்னும் பின்னுமாகத் தாவும், ஒரு பத்திரிகையாளர் பழைய விஷயங்களைத் தோண்டுவதுதான் சரடு. அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. வயது வந்தோருக்கான படம்.

பாட்டு

அந்தக் கத்தல் காதில் இருக்கும்போதே, இரண்டு நாள் இடைவெளிக்குள் 'மூலான் ரூஜ்' (2001) பார்க்க வேண்டும். இயக்குநர் பாஸ் லூர்மன், சிட்னி ஸ்டுடியோவில் கட்டிய பாரிஸ். மெக்ரெகரும் நிக்கோல் கிட்மனும் சொந்தக் குரலில் பாடினார்கள்.

இந்தப் படத்தில் வழக்கமாக நேரும் தவறு, முதல் இருபது முப்பது நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவது. வெட்டுகள் மிக வேகமானவை, கூச்சலும் வண்ணமும் தலையைச் சுற்ற வைக்கும். அது இயக்குநரின் கணக்கு. கூத்தரங்கின் வெறியில் நம்மையும் கதாநாயகனோடு சேர்த்துத் திணறவைத்துவிட்டு, யானை வடிவ அறைக்குள் அவன் முதன்முதலாகப் பாடும்போது எல்லாம் அடங்குகிறது. அந்த இடம் வரை பொறுத்திருங்கள். வந்ததும் கவனிக்க வேண்டியது உச்சசுரத்தை அல்ல, பேச்சு எங்கே பாட்டாகிறது என்பதை. திக்கித் திணறிப் பேசிக்கொண்டிருப்பவன் ஒரு வரியில் மூச்சைத் திறந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற பாடகர் அந்த இடத்தில் தயாராகி நிற்பது தெரிந்துவிடும். இவரிடம் தெரிவதில்லை, பேச்சின் அதே மூச்சு பாட்டிலும் தொடர்கிறது. 

மூன்றாவது, 'டவுன் வித் லவ்' (2003). ரெனே ஜெல்வெகரோடு நடித்த, 1960களின் காதல் நகைச்சுவைப் படங்களைப் பார்த்து வரைந்தது போன்ற படம். இதைப் பலரும் தவறவிட்டிருக்கிறார்கள், திட்டத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். பெண்பித்தனான பத்திரிகையாளர் கேட்சர் பிளாக், ஒன்றுமறியாத விண்வெளி வீரர் ஜிப் மார்ட்டினாகப் பொய்வேடம் போடுகிறார். கண்ணாடி, இழுத்துப் பேசும் தென்மாநில அமெரிக்கப் பேச்சு. ஸ்காட்லாந்து நடிகர் ஒரு அமெரிக்கனாக நடிக்க, அந்த அமெரிக்கன் இன்னொரு அமெரிக்கனாக நடிக்கிறான். இரண்டு ழகரமும் ஒன்றல்ல என்பதைக் கேட்டுப் பாருங்கள். கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு இருக்கிறது, அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

இன்னொருவர் குரலைச் சுமப்பது

ஸ்டார் வார்ஸிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அது அவருடைய வேலையிலேயே மிக விநோதமான நிபந்தனை கொண்டது, அந்த நிபந்தனை தெரியாமல் பார்த்தால் விறைப்பாகத் தெரியும். ஓபி-வான் கெனோபி என்ற ஜெடாய் வீரரை 1977இல் ஏற்கெனவே ஒருவர் நடித்துவிட்டார்: அலெக் கின்னஸ், படப்பிடிப்பின்போது 62 வயது. அந்தக் கிழவரின் இளமையை, அவர் குரலுக்கு முன்கதையை, 28 வயதில் அதே வேடத்தில் திரைக்கு வந்த மெக்ரெகர் உண்டாக்க வேண்டியிருந்தது.

முதலில் 1977ஆம் ஆண்டுப் படத்தில் கின்னஸ் தன் குடிலில் லூக்கோடு பேசும் காட்சியைப் பாருங்கள், அது மட்டும் போதும். குரலை உயர்த்தாத பேச்சு, ஒவ்வொரு வாக்கியமும் மெல்ல இறங்கி முடியும், மெய்யெழுத்துகள் கத்தரித்தாற்போல் விழும், ரகரம் கரைந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டுவிட்டு, உடனே மெக்ரெகர் நடித்த முன்கதைப் படங்களின் மூன்றாம் பாகமான 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' (2005) படத்துக்கு வாருங்கள். முதல் பாகத்தில் (1999) அந்தக் குரல் இன்னும் பதியவில்லை, அவருக்குச் செய்யக் கொடுத்ததும் கொஞ்சம். மூன்றில் பதிந்துவிட்டது. அதனால்தான் இறுதியில் எரிமலைக் கிரகத்தில் சீடனைப் பார்த்து அவர் கதறும்போது அவ்வளவு வலிக்கிறது. படம் முழுக்கக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கின்னஸின் குரல் அங்கே உடைகிறது.

சுற்றிலும் பச்சைத் திரை, எதிரே பல நேரம் எதுவுமே இல்லை. பார்வை எங்கே நிலைக்கிறது என்று கவனித்தால் உடன் நடித்த பலரைவிட இவர் உறுதியாக ஏதோ ஒன்றைப் பார்க்கிறார் என்பது தெரியும். அவருடைய தாய்மாமன் டெனிஸ் லாசன் பழைய மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களிலும் வெட்ஜ் என்ற விமானியாக வந்தவர். விருப்பம் இருந்தால் 2022இல் வந்த ஆறு பகுதித் தொடரையும் பிறகு பாருங்கள். 51 வயதில், கின்னஸின் குரலுக்கு இன்னும் நெருங்கி வந்திருக்கிறார்.

இரட்டை வேடம்

'தி ஐலண்ட்' (2005) மைக்கேல் பே இயக்கிய துரத்தல் படம். கதையில் ஓட்டைகள் உண்டு, இரண்டாம் பாதியில் கார்கள் நொறுங்கிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சொல்வது ஒரே காரணத்துக்காக. பணக்காரர் ஒருவரும் அவருக்கு உதிரிபாகமாக வளர்க்கப்பட்ட நகலும் சந்திக்கும் பகுதி. நகலுக்கு அமெரிக்கப் பேச்சு, மூலத்துக்கு ஸ்காட்லாந்துப் பேச்சு. அச்சு அசல் ஒரே முகம், உடை மட்டும் வேறு. ஒருவர் மற்றவராகக் காட்டிக்கொள்ள வேண்டிய நெருக்கடி வரும்போது உச்சரிப்பே ஆயுதமாகிறது. ரகரம், ழகரம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம் இதுதான்.

இந்த வகை பிடித்திருந்தால் திட்டத்துக்கு வெளியே இரண்டு இருக்கின்றன. 'லாஸ்ட் டேஸ் இன் தி டெசர்ட்' (2015) பாலைவனத்தில் ஏசுவும் சாத்தானும். சாத்தானுக்குத் தனி ஒப்பனை கிடையாது, குரலில் ஒரு சலிப்பு, அவ்வளவுதான். மற்றது 'ஃபார்கோ' தொடரின் மூன்றாம் பருவம் (2017, 10 பகுதிகள்), மினசோட்டா அண்ணன் தம்பியாக எம்மிட், ரே. அண்ணன் வாகன நிறுத்துமிடங்களுக்கு அதிபதி, தம்பி தொந்தியும் வழுக்கையுமான நன்னடத்தை அதிகாரி. ஒப்பனைக்கு அவர் இடம்கொடுத்த அரிதான சமயம். இதற்குக் கோல்டன் குளோப் கிடைத்தது.

கேட்கிற நடிகர்

அடுத்த நான்கு படங்களுக்கு வேகம் குறைவு. ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

'யங் ஆடம்' (2003) 1950களில் கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் இடையிலான கால்வாயில் சரக்குப் படகில் வேலைசெய்யும் ஜோ. தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் பிணத்தைத் தண்ணீரிலிருந்து இழுக்கிறார்கள். ஜோவுக்கு அதைப் பற்றித் தெரியும், எவ்வளவு தெரியும் என்பதுதான் படம். ரென்ட்டன் ஓயாமல் பேசியவன், இவன் வாயைத் திறப்பதே அரிது. டில்டா ஸ்விண்டன், பீட்டர் முல்லன் இருவரும் ஸ்காட்லாந்துப் பேச்சில் இருப்பதால் மூவரின் ரகரத்தையும் ஒப்பிடலாம். பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையானவை.

'தி கோஸ்ட் ரைட்டர்' (2010) முன்னாள் பிரிட்டன் பிரதமருக்காகத் தன்வரலாறு எழுதித்தரும் ஆள். அவருக்குப் பெயரே கிடையாது. அமெரிக்கத் தீவு என்று காட்டப்படுவது ஜெர்மனியின் சில்ட், யூஸடோம் தீவுகள். பாத்திரத்துக்குப் பெயரும் கடந்த காலமும் இல்லாததால் லண்டன் பேச்சு ஒன்றுதான் அவனுடைய ஒரே அடையாளம். ஐரோப்பியத் திரைப்பட விருது இதற்காக வந்தது.

'பிகினர்ஸ்' (2010) எல்லாவற்றிலும் எளிமையானது, கவனித்தால் எல்லாவற்றிலும் கடினமானது. 75 வயதில் தான் ஒருபால் ஈர்ப்பாளர் என்று மகனிடம் சொல்லும் தந்தை, கேட்டுக்கொள்ளும் மகன். தந்தையாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் 82 வயதில் ஆஸ்கர் வாங்கினார். மகன் காதலிக்கப்போகும் பெண் முதல் சந்திப்பில் தொண்டை கட்டி, பேச முடியாமல் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். ஆக, இரண்டு பக்கமும் அவருக்குக் கேட்கிற வேலைதான். எதிரில் இருப்பவர் பேசும்போது மெக்ரெகர் முகத்தை மட்டும் ஒரு காட்சி முழுக்கப் பாருங்கள். பதில் சொல்லத் தயாராகும் முகமாக அது இருக்காது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. நடிப்புக்காக அவர் ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்பட்டதில்லை. ஆனால் 'லிட்டில் வாய்ஸ்' படத்துக்கு பிரெண்டா பிளெதின், 'மூலான் ரூஜ்' படத்துக்குக் கிட்மன், 'பிகினர்ஸ்' படத்துக்குப் பிளம்மர், 'தி இம்பாசிபிள்' படத்துக்கு நவோமி வாட்ஸ், 'ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி' படத்துக்கு மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ் என்று அவரோடு நடித்தவர்கள் பரிந்துரை பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பந்தை நேராக எதிராளி கைக்குப் போடுகிற ஆட்டக்காரர் அவர்.

'தி இம்பாசிபிள்' (2012) பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரை. மரியா பெலோன் என்ற ஸ்பானியப் பெண்ணின் குடும்பத்துக்கு நேர்ந்தது. படத்தில் குடும்பம் ஆங்கிலம் பேசுவதாக மாற்றப்பட்டிருக்கிறது. அலைக் காட்சிகளில் பெரும்பகுதி ஸ்பெயினின் அலிகாண்டே நகரில் பெரிய நீர்த்தொட்டியில் எடுக்கப்பட்டது. சுற்றுலா வந்த ஒரு குடும்பமே கதையின் மையம், அந்தக் கரையின் சொந்த மக்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும்.

நாகப்பட்டினம், கடலூர், குளச்சல், முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று நம் கரைகளில் அதே காலையில் உறவுகளை இழந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படத்தைக் கூடத்தில் போடாதீர்கள். தண்ணீர் வரும் காட்சி நீளமானது, ஒலி அடிவயிற்றில் இறங்கும். அலைக் காட்சியைத் தாண்டிவிட்டு, தகப்பன் கடன் வாங்கிய கைப்பேசியில் மாமனாரை அழைக்கும் காட்சியை மட்டும் பார்த்தாலும் இந்தத் திட்டத்துக்குப் போதும்.

அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டுங்கள். முதலில் திரையைப் பார்க்காமல் ஒலி மட்டும். செய்தி சொல்லத் தொடங்குகிறார், வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படம் மட்டும். மூன்றாவது இரண்டும் சேர்த்து. அழைப்பைப் பாதியில் துண்டித்துவிட்டு உடைந்துபோய் உட்காரும் மனிதரைச் சுற்றியிருப்பவர்கள் மறுபடி பேசச் சொல்கிறார்கள். இரண்டாவது அழைப்பில் குரல் திரும்பி வந்துவிடுகிறது. அதை மீட்டெடுக்க அவர் படும் பாடுதான் அழுகையைவிடக் கனமானது.

தடை வந்தால்

எல்லாக் குரலும் ஒன்றாகவே கேட்கிறது என்றால், படங்களுக்கு இடையே அதிக நாள் விட்டிருப்பீர்கள். ஜோடியின் இரண்டாவது படத்துக்கு முன் முதல் படத்தின் ஐந்து நிமிடத்தை மறுபடி கேளுங்கள். சப்டைட்டிலை விட்டுக் கண் நகர மறுத்தால், முதல் 20 நிமிடத்துக்குப் பிறகு அணைத்துவிடுங்கள். 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' மட்டும் விலக்கு. தொலைக்காட்சியில் வெட்டி ஒளிபரப்பிய பிரதி என்றால் வேண்டாம். வசவுச் சொற்களை ஊமையாக்கும்போது பேச்சின் தாளமே போய்விடும்.

எல்லா வேடமும் கைகூடியதாகச் சொல்ல மாட்டோம். 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (2017) படத்தில் மெழுகுத்தண்டு லூமியேராக அவர் பேசும் பிரெஞ்சு வாடை ஆங்கிலம் ஒட்டவில்லை. 'எம்மா' (1996) படத்தில் அந்தக் காலக் கனவானாக உடையும் முடியும் மேலே தனியாக மிதக்கின்றன. இவற்றை நல்ல படங்களைப் பார்த்து முடித்த பிறகு பாருங்கள். ஒரு குரல் ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லத் தெரிந்துவிட்டால் காது தேறிவிட்டது என்று அர்த்தம்.

பதின்மூன்றாவது படம் 'டி2 ட்ரெயின்ஸ்பாட்டிங்' (2017). பாயில் இயக்கிய 'தி பீச்' படத்தின் நாயக வேடம் மெக்ரெகருக்குப் போகாமல் லியோனார்டோ டிகாப்ரியோவுக்குப் போனதில் பாயிலுக்கும் அவருக்கும் இடையே வருடக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்தது. அது தீர்ந்து இருவரும் சேர்ந்த படம் இது. ஆம்ஸ்டர்டாமில் இருபது ஆண்டு இருந்துவிட்டு ரென்ட்டன் ஊர் திரும்புகிறான். முதல் படத்தின் பின்னணிக் குரலைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் உணவகத்தில் அமர்ந்து அடுக்கடுக்காகப் பேசும் நீண்ட பேச்சைக் கேளுங்கள். வேகம் அதேதான். அன்று அந்த வேகத்தில் கிண்டல் இருந்தது, இன்று கடைசி வரிகளுக்கு வரும்போது தளர்கிறது.

அதன் பிறகு ஒரு சிறு தேர்வு. கியெர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ' (2022) பொம்மைகளை அசைத்து எடுத்த படம். அதில் கதை சொல்லும் சில்வண்டுக்குக் குரல் மெக்ரெகர். தொலைக்காட்சித் திரையைத் துணியால் மூடிவிட்டு முதல் பத்து நிமிடம் கேளுங்கள். அந்தப் பூச்சிக்கு எந்த ஊர், என்ன வயது, தன்னைப் பற்றி எவ்வளவு உயர்ந்த எண்ணம் என்று எழுதி வைத்துக்கொண்டு, துணியை எடுங்கள்.